12 லட்சத்துக்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவில் ஒரு குடும்பம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் உங்கள் கணவருக்குக் கட்டிங்கில் மாதம் 22,000 ரூபாய், உங்களுக்குச் செக்கிங்கில் 11,000. உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்கள், அவருக்குப் பிடிப்பதில்லை. வாடகை வீடு, அரசுப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். 2025 பட்ஜெட் அன்று '12 லட்சம் வரை வரி இல்லை, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி' என்று டிவியில் சொன்னார்கள். கடைத்தெருவில் மைக்கை நீட்டியபோது ஒரு பெண் அருமை என்றார், இன்னொருவர் ஏமாற்றம் என்றார். உங்கள் வீட்டில் எதுவுமே மாறவில்லை. 'பட்ஜெட்டில் எங்களுக்கு நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை எங்களுக்குத்தான் கவனிக்கத் தெரியவில்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவனிக்கத் தெரியாதது அல்ல காரணம். கோவையில் 24 வருடமாக வரி ஆலோசகராக இருக்கிறேன். பனியன் கம்பெனிகளின் கணக்கையும் பார்த்திருக்கிறேன், அங்கே வேலை செய்கிறவர்களின் பிஎஃப் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்களைப் போன்ற குடும்பம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறது. மேலே இருக்கும் கோடு வரிச் சலுகை பெறுகிறவர்களுடையது, கீழே இருப்பது உதவித்தொகை பெறுகிறவர்களுடையது. பட்ஜெட் அன்று பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டு கோடுகளைப் பற்றித்தான்.

முதலில் மேல் கோடு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, சட்டத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். 2025-26 முதல் வருமான வரியின் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 60,000 ரூபாய் வரைக்குமான வரி தள்ளுபடி ஆகிறது. சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலைக்கழிவும் (சம்பளத்திலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளும் தொகை) உண்டு என்பதால் 12,75,000 சம்பளம் வரை வரி வராது. அதே சம்பளத்துக்கு முந்தைய வருடம் 83,200 ரூபாய் வரி வந்திருக்கும். ஆகவே அந்த வீட்டுக்கு மாதம் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். நல்ல தொகைதான், அவர்கள் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. ஆனால் 7,75,000 வரை சம்பளம் வாங்கியவருக்கு அந்த முந்தைய வருடத்திலேயே வரி பூஜ்யம். அதாவது மாதம் சுமார் 64,600 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஒருவருக்குத்தான் இந்த அறிவிப்பால் ஒரு ரூபாயாவது மிச்சமாகும். வருமான வரி குடும்பத்துக்கு மொத்தமாகப் போடப்படுவதும் அல்ல, ஆளுக்கு ஆள் தனித்தனி. உங்கள் கணவரின் ஆண்டுச் சம்பளம் 2,64,000, உங்களுடையது 1,32,000. இரண்டுமே அந்தக் கோட்டுக்கு எங்கோ கீழே. இந்தியாவில் 2024 ஜூலை 31-க்குள் தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7 கோடியே 28 லட்சம். கணக்கு தாக்கல் செய்கிறவர்களிலேயே பெரும்பாலோருக்கு வரி எதுவும் வருவதில்லை. டிவியில் நடுத்தர வர்க்கம் என்று சொல்வது அதில் மிச்சமிருப்பவர்களைத்தான். உங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கீழ்க் கோடு இதைவிட வருத்தமானது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு 1,20,000-க்குள். உங்கள் இருவரின் சம்பளத்தையும் கூட்டினால் 3,96,000 வருகிறது. இரண்டிலும் இடமில்லை. உங்கள் கணவரின் 2,64,000 மட்டுமே இரண்டு வரம்பையும் தாண்டிவிடுகிறது. ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் பரவாயில்லையோ என்று உங்களுக்கே தோன்றியிருக்கலாம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மாதம் 11,000 சம்பாதித்துக் கொடுக்கிற வேலையை நீங்கள் விட்டாலும் அந்த 1,000 ரூபாய் உரிமைத் தொகை வராது, வந்தாலும் அதற்காக விடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. ஆனாலும் அந்தக் கோடு போடப்பட்ட இடம் உங்களைப் போன்றவர்களுக்கு அநியாயம்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாநகராட்சி வாங்கும் தொழில் வரியிலும் இதே கதை. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினாலே கடைசி அடுக்கு வந்துவிடும். மாதம் 22,000 வாங்கும் உங்கள் கணவரும் 2 லட்சம் வாங்கும் மேலாளரும் கட்ட வேண்டிய தொகை ஒன்றுதான். ஒரு பட்ஜெட் அன்றைக்காவது இதைப் பற்றி யாரும் மைக்கில் பேசி நான் கேட்டதில்லை.

சரி, அப்படியானால் பட்ஜெட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2021 பிப்ரவரி 1 அன்று வந்த பட்ஜெட்டில், அதுவரை இறக்குமதி வரியே இல்லாமல் இருந்த பஞ்சுக்கு 10 சதவீதம் போட்டார்கள். மேல்வரியும் சேர்த்தால் 11 சதவீதம். பருத்தி விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது நியாயமான காரணம்தான், அந்த விவசாயி வீட்டிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் அன்று மாலை எந்த இல்லத்தரசியிடமும் 'பஞ்சு வரி பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்கவில்லை. திருப்பூரில்கூடக் கேட்கவில்லை. அப்போது 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஐம்பதாயிரத்துக்கும் கீழே இருந்தது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை மாதா மாதம் ஏறியது. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்த கம்பெனிகள் முழி பிதுங்கின. மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூரே கதவடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓவர்டைம் நின்றது, சில இடங்களில் வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்று ஆனது. உங்கள் வீட்டுச் சம்பளக் கவர் மெலிந்ததற்கும் ஒரு பட்ஜெட் வரிக்கும் தொடர்பு இருந்தது அப்படித்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வரி போட்டதும் விலை ஏறியதும் உறுதி. ஆனால் வரியால்தான் அவ்வளவும் ஏறியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்தில் உலகச் சந்தையிலேயே பஞ்சு விலை உயர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் 14 அன்றே அந்த வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. எனவே வரியின் பங்கு எவ்வளவு, உலக விலையின் பங்கு எவ்வளவு, பதுக்கலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என் தொழிலின் எல்லைக்கு அப்பால். பஞ்சு வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. பின்னர் அந்த வரி மறுபடி வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட சமயத்தில், ஆகஸ்ட் 19-இலிருந்து டிசம்பர் 31 வரை மறுபடி விலக்கு கொடுத்தார்கள். போட்டது பட்ஜெட்டில், எடுத்தது இரண்டு முறையும் ஒரு சாதாரண அறிவிக்கையில். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் உங்கள் மாதச் செலவில் பெரும்பகுதி இப்போது பட்ஜெட் அல்லாத நாட்களில்தான் தீர்மானமாகிறது. கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச்சில் மகளிர் தினத்தன்று 100 குறைந்தது, 2025 ஏப்ரல் 8-இல் 50 ஏறியது. இவற்றில் ஒன்றுகூட பட்ஜெட் உரையில் இல்லை. ஹோட்டல்காரர்கள் வாங்கும் வணிக சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறும், பட்ஜெட்டும் பிப்ரவரி முதல் தேதியில் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் செய்தியாக ஓடுவதால் பட்ஜெட்டில்தான் சிலிண்டர் விலையை மாற்றினார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பெட்ரோல் விலை 2017 ஜூன் முதல் தினசரி நிர்ணயத்தில் இருக்கிறது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் விலை பட்ஜெட்டில் கூடுவதும் குறைவதும் எங்கள் இளமைக்காலத்து விஷயம். 2017 ஜூலைக்குப் பிறகு அது ஜிஎஸ்டி கவுன்சிலின் கையில். 2025 செப்டம்பர் 3-இல் அந்தக் கவுன்சில் கூடி, அதே மாதம் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் 18-லிருந்து 5 சதவீதமாக்கியது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த ஒரு கூட்டம் அந்த வருடப் பட்ஜெட்டைவிடப் பெரியது. வரி குறைந்தது உறுதி. அது முழுதாக உங்கள் கைக்கு வந்ததா என்பது கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் வேறுபடும். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டில் விலை அப்படியே இருந்து எடை கூடியிருக்கலாம், பாக்கெட்டின் பின்பக்கம் கிராமைப் பாருங்கள். காய்கறி, சில்லறையாக நிறுத்து வாங்கும் அரிசி, பாக்கெட் பால் இவற்றுக்கு முன்பும் ஜிஎஸ்டி இல்லை, அதனால் அங்கே குறைவதற்கு ஒன்றும் இல்லை. முத்திரையிட்ட அரிசிப் பைக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் உண்டு. சிப்பம் ஏன் திடீரென்று 26 கிலோவாக மாறியது என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

வீட்டுக்கடன் இருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் கூட்டம்தான் பட்ஜெட். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. 20 லட்சம் கடனை 20 வருடத்துக்கு 9 சதவீதத்தில் கட்டுகிறவருக்கு அது 8 ஆனால் இஎம்ஐ மாதம் 1,266 ரூபாய் குறையும். உங்களுக்கு வீட்டுக்கடன் இல்லை, நகைக்கடன்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் விதிகளும் ரிசர்வ் வங்கியிடம்தான். 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகளைப் பார்த்துத் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஜூனில் வந்த இறுதி விதியில், இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

இங்கேதான் மக்கள் கருத்து என்ற விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட் அன்று மாலை சொல்லப்படும் கருத்துக்குப் பெரிய மதிப்பில்லை என்பதை என் அனுபவத்திலேயே கற்றுக்கொண்டேன். 2024 ஜூலை 23-இல் பட்ஜெட் உரை முடிந்த அரை மணி நேரத்தில் ஒரு நிருபர் போன் செய்தார். சொத்து விற்றால் வரும் லாபத்துக்கு வரி 20-லிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, விற்கிறவர்களுக்கு நல்லது என்று சொன்னேன். சாயங்காலம் நிதி மசோதாவை, அதாவது பட்ஜெட்டின் வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் மசோதாவை, வாசித்தபோதுதான் விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் வசதியை எடுத்துவிட்டது தெரிந்தது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2005-06-இல் 10 லட்சத்துக்கு வாங்கிய வீடு, இப்போது 45 லட்சத்துக்குப் போகிறது. பழைய முறையில் வாங்கிய விலை சுமார் 31 லட்சமாகி, வரி 2 லட்சத்து 79 ஆயிரம். புதிய முறையில் 4 லட்சத்து 37 ஆயிரம். நான் மதியம் சொன்னதை நம்பி யாராவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் என்னால்தான் அவருக்கு நஷ்டம். அன்றிலிருந்து மசோதாவைப் படிக்காமல் யாருக்கும் கருத்து சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் மைக்கின் முன்னால் நின்ற அந்த இரண்டு பெண்களையும் நான் குறை சொல்லவே மாட்டேன். வரிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நானே அன்றைக்குத் தப்பாகத்தான் சொன்னேன்.

ஆனால் அதற்கடுத்த வாரங்களில் வந்த கருத்துக்கு மதிப்பிருந்தது. நாடு முழுவதும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிக் குரல் எழுப்பினார்கள். ஆகஸ்டில் அரசு மசோதாவைத் திருத்தியது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்குத் தனிநபர்கள் இரண்டு முறையில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்றானது. 2016-இலும் இப்படித்தான். பிப்ரவரி 29 பட்ஜெட்டில், பிஎஃப் பணத்தை எடுக்கும்போது அதில் 60 சதவீதத்துக்கு வரி என்றார்கள். தொழிலாளர்களும் சம்பளக்காரர்களும் சேர்ந்து கிளப்பிய எதிர்ப்பில் மார்ச் 8 அன்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதை நாடாளுமன்றத்திலேயே திரும்பப் பெற்றார். அடுத்த மாதம், பட்ஜெட்டுக்கு வெளியே வந்த இன்னொரு பிஎஃப் கட்டுப்பாட்டுக்கு எதிராகப் பெங்களூரில் ஆயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். அந்த விதியும் வாபஸ் ஆனது. உங்களைப் போலச் செக்கிங்கிலும் தையலிலும் இருந்த பெண்கள் அவர்கள். பட்ஜெட் உரைக்கும் நிதி மசோதா நிறைவேறுவதற்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கின்றன. உங்கள் சங்கமோ உங்கள் தொகுதி எம்பியோ பேச வேண்டிய நேரம் அதுதான்.

மாநில பட்ஜெட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வழக்கமாக அது பிப்ரவரி, மார்ச்சில் வரும், டிவியில் அவ்வளவு ஆரவாரம் இருக்காது. ஆனால் நீங்கள் காசு கொடுக்காமல் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போவதும், அரசு ஆரம்பப் பள்ளியில் காலை உணவு போடுவதும், ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்குவதும் அதில்தான் இருக்கிறது. பஸ் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கையில் பணமாக வராததால் இதை நாம் வரவாக எழுதுவதில்லை. ஒரு மாதம் மட்டும் நோட்டில் எழுதிப் பாருங்கள், 'ஒன்றுமே மாறவில்லை' என்ற உங்கள் வரியைக் கொஞ்சம் மாற்றத் தோன்றும்.

வருமான வரிச் சலுகையால் அரசு விட்டுக்கொடுக்கும் ஒரு லட்சம் கோடி ரூபாய் எப்படியும் உங்களிடமும் வந்து சேரும், பணம் மிச்சமானவர்கள் துணிமணி வாங்குவார்கள், திருப்பூருக்கு ஆர்டர் கூடும் என்று ஒரு வாதம் உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன், நிச்சயம் என்றும் சொல்ல மாட்டேன். மிச்சமான பணத்தில் கடனை அடைத்தவர்களையும் நகைச்சீட்டு போட்டவர்களையும்தான் என் வாடிக்கையாளர்களில் அதிகம் பார்த்தேன். பத்து நூறு பேரை வைத்து நாட்டுக்கே முடிவு கட்ட முடியாது.

இனி வரும் பட்ஜெட்களில் உங்கள் வீட்டுக்காக நான் தேடுவது வேறு எண்கள். இஎஸ்ஐ சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000-லேயே நிற்கிறது. பிஎஃப் வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000. பிஎஃப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை அதே வருடத்திலிருந்து 1,000 ரூபாய். இவற்றை மாற்ற பட்ஜெட் உரைதான் வேண்டும் என்பதில்லை, எந்த நாளிலும் அறிவிக்கலாம். உங்கள் கணவரின் சம்பளம் 22,000 ஆனதால்தான் அவருக்கு இஎஸ்ஐ நின்றது. ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வில் ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு போய்விட்டது.

ஆனால் இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இஎஸ்ஐ விதிகளில் குடும்பம் என்றால் வாழ்க்கைத் துணையும் அடக்கம், அது ஆணின் கார்டானாலும் பெண்ணின் கார்டானாலும் ஒன்றுதான். உங்களுக்குப் பிடிக்கிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கார்டில் கணவரும் பிள்ளைகளும் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். பல பெண்களின் கார்டில் கணவர் பெயரே சேர்க்காமல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அவருக்குத்தான் தனியாக இருக்கிறதே என்று முன்பு விட்டிருப்பார்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் ஹெச்ஆரிடம் உங்கள் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கணவர் பெயர் இல்லை என்றால் இருவரின் ஆதாரையும் புகைப்படத்தையும் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். செய்ய மறுத்தால் இங்கேயே எழுதுங்கள், இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு மனு எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன்.